அது என்றே இருக்கட்டும்

பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், சாவி செய்பவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே பிதுங்கிக்கொண்டு நிற்கும் தையல் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பலகை எதற்கு? தெருவில் யாரைக் கேட்டாலும், "டெய்லரக்கா கடைதானே?" என்று கையைக் காட்டிவிடுவார்கள். பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி கோட்டு, ஓட்டல் பணியாளர் சட்டை, இவ்வளவுதான் அங்கே தைப்பார்கள். ஜிகினா வேலை, கல்யாண உடுப்பு என்று யாராவது வந்தால் டெய்லரக்கா அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார். ஒரே மாதிரி சட்டையாக வரிசையாகத் தைத்துக்கொண்டு போனால், கை பாட்டுக்கு வேலை செய்யும், கண் பாட்டுக்குத் தெருவை வேடிக்கை பார்க்கலாம். அவருக்கு அதுதான் வசதி.

முன்மேசையில் உட்கார்ந்து துணி வாங்கிப் போடுவது அவருடைய வீட்டுக்காரர். பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை அவரை விட்டாலும் அவர் வேலையை விடவில்லை. கடையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே போதும், "உள்ளே போங்க, உள்ளே போங்க, வழியில நிக்காதீங்க" என்பார். உள்ளே போக இடமே இருக்காது.

ஒரு நாள் காலையில் தோளில் துணிப்பை மாட்டிய ஒருவர் வந்து அவர் முன்னால் நின்றார்.

"வணக்கம் சார். மெஷின் விஷயமா ஒருத்தரைப் பார்க்கணும்."

"எந்த மெஷின்? பவர் மெஷினா, கால் மெஷினா? ஓரம் அடிக்கிற ஓவர்லாக் ஒண்ணு உள்ளே இருக்கு. ஆனா விக்கிறதுக்கு இல்லை."

"அது இல்லை சார். பேசுமே, அந்த மெஷின்."

வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பேசுற மெஷினெல்லாம் இங்க கிடையாதுங்க. எங்களுது சத்தம் மட்டும்தான் போடும்."

"டிவியில வந்துச்சே சார். 'வந்தது யார்?' தொடர். அதுல வந்த மெஷின்."

உள்ளே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் சத்தம் சட்டென்று நின்றது.

அந்தத் தொடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சி வந்த புதிதில், வீட்டுக்கு வீடு பெட்டி இல்லாத காலத்தில், பெட்டி இருந்த வீட்டின் ஜன்னலில் தெருவே தொங்கிக்கொண்டு பார்த்த தொடர் அது. வேறோர் உலகத்திலிருந்து ஓர் இயந்திரம் இறங்கி, ஒரு விஞ்ஞானியின் வீட்டில் வந்து தங்கும். பூமியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து மேலே செய்தி அனுப்ப வேண்டும். உருப்படியாக ஒன்றும் இல்லை என்று அது சொல்லிவிட்டால் மேலே இருப்பவர்கள் பூமியை ஒரேயடியாகத் துடைத்துவிடுவார்கள். அதற்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும். குழாயைப் பார்க்கும், "இது என்ன?" என்று கேட்கும். குடையைப் பார்க்கும், "இது என்ன?" தும்மலைப் பார்த்து, கடன்காரனைப் பார்த்து, கண்ணாடியில் தன்னையே பார்த்து, "இது என்ன?" ஊரில் இருந்த பொடிசுகளெல்லாம் அந்தக் குரலில் கேட்டுக் கேட்டுப் பெற்றவர்களின் உயிரை வாங்கின.

இப்போது அந்தத் தொடர் எங்கும் இல்லை. பதிவு நாடாவுக்குத் தட்டுப்பாடு என்று, தொலைக்காட்சி நிலையத்துக்காரர்கள் அதன் மேலேயே பயிர்ப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவிட்டார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது. மிஞ்சியது வசனப் பிரதிகள் மட்டும்தான். அவற்றை வைத்துத் தொடரை நாவலாக எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டிருந்தார். பையோடு வந்தவர்தான் அந்த எழுத்தாளர்.

எழுத உட்கார்ந்தவருக்கு முதல் வரியிலேயே சிக்கல். திரையில் இயந்திரம் உள்ளே வருவதைக் காட்டினால் போதும், வேலை முடிந்தது. நாவலில் 'வந்' என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருக்க முடியுமா? வந்தானா, வந்தாளா, வந்ததா? நம் மொழியில் அந்தக் கடைசி எழுத்தைப் போடாமல் யாரும் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. குரல் ஆண்குரல், செய்தி வாசிப்பவர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து பேசியது. அதனால் 'வந்தான்' என்று எழுதிப் பார்த்தார். எழுதியதும் ஒரு முரட்டுப் பயல் கதவைத் தள்ளிக்கொண்டு வருவது போல் இருந்தது. அடித்துவிட்டார். அந்த உடுப்பு எப்படி இருந்தது, எவ்வளவு உயரம், என்ன துணி என்றாவது தெரிந்தால் பிடி கிடைக்கும் என்று, அதைத் தைத்தவரைத் தேடி அலைந்து கடைசியில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

டெய்லரக்கா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வெளியே வந்தார்.

"அதைத் தைச்சது நான்தான் தம்பி."

எழுத்தாளருக்கு வாயெல்லாம் பல். "அக்கா, அப்படின்னா உள்ளே யாரு நடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே? டைட்டில்ல கேள்விக்குறி மட்டும்தான் போடுவாங்க."

டெய்லரக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் மேசையில் இருந்த சாக்கட்டிகளை மும்முரமாக ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"உள்ளே இருந்ததும் நான்தான்."

எழுத்தாளர் நின்ற நிலையிலேயே பையைக் கீழே போட்டார்.

*

டெய்லரக்கா வளர்ந்த வீட்டில் அப்பா, இரண்டு அண்ணன்கள், ஓர் அத்தை. சின்ன வயதிலேயே அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது என்று வீடு முழுவதும் சொல்லும். எதையும் உற்றுப் பார்ப்பார். சுவரில் ஏறும் எறும்பு, தபால்காரர் முத்திரை குத்தும் கை, பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவாக இருந்தாலும் நின்று பார்த்துவிட்டு, "அது ஏன் அப்படி?" என்று கேட்பார்.

"உனக்கு எதுக்குடி அதெல்லாம்? வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்க்காதே. பார்வையைக் கீழே போடு. காலைச் சேர்த்து வச்சு உட்காரு" என்பார் அத்தை. அண்ணன்கள் பார்ப்பது பொது அறிவு. இவர் பார்த்தால் மூக்கை நுழைப்பது. இதில் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டதற்கும் திட்டு விழுந்தது.

தையல் கற்றுக்கொண்டதால் தொலைக்காட்சி நிலையத்தின் உடையலங்காரப் பிரிவில் வேலை கிடைத்தது. அறுந்த பொத்தானைத் தைப்பது, ராஜா உடுப்புக்கு இஸ்திரி போடுவது என்று போய்க்கொண்டிருந்தபோது, இயந்திர உடுப்பு தைக்கும் வேலை வந்தது. ரெக்சின், பஞ்சு, வளைத்த தகரம், கைக்கு ஹோஸ் குழாய், நெஞ்சில் சைக்கிள் விளக்கு. முகத்தில் வெளியே பார்க்க ஒரு சிறிய கறுப்புக் கண்ணாடித் துண்டு. முதல் நாள் படப்பிடிப்பில் வாட்டசாட்டமான நடிகர் ஒருவர் அதற்குள் போனார். தலைப்பகுதியை மாட்டியதுதான் தாமதம், "ஐயோ, திறங்க, மூச்சு முட்டுது, திறங்க!" என்று அலறிக்கொண்டு முட்டி மோதினார். வெளியே எடுத்துவிட்டதும், பேயறைந்தவர் போல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

எல்லாருடைய கோபமும் தைத்தவர் மேல் திரும்பியது. காற்று வர வழி வைக்கவில்லையாம். நம் அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வழி வச்சிருக்கேன், பாருங்க" என்று தானே உள்ளே புகுந்து காட்டினார்.

உடுப்பு அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. பாதம் எங்கே இருக்கிறது என்று தெரியாததால், ஒவ்வோர் அடியையும் தரையைத் தடவிப் பார்த்துத்தான் வைக்க முடிந்தது. கண்ணாடித் துண்டு கண்ணுக்கு நேராக இல்லாததால், எதையாவது பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்பி, மெல்லக் குனிந்து, பிறகு நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் பாட்டுக்கு வெளியே வரும் வழியைத் தேடி அங்கிருந்த விளக்கு, நாற்காலி, வயர் எல்லாவற்றையும் அப்படிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அரங்கமே கப்சிப். எதையுமே முன்பின் பார்த்திராத ஒன்று அங்கே நடப்பது போல் இருந்ததாம்.

"கேமராவைப் போடு!" என்று இயக்குநர் கத்தினார். "அதை நிறுத்தாதே, அது நடக்கட்டும்!"

அன்றிலிருந்து அவர் அதுவானார். "அது ரெடியா?", "அதுக்கு டீ கொடுங்க", "அது அந்தக் கதவுகிட்ட நிக்கட்டும்." அரங்கத்தில் யாரும் அவரைக் காலைச் சேர்த்து வைக்கச் சொல்லவில்லை. கால்களை அகட்டிக்கொண்டுதான் நிற்க முடியும். யாரையும் முகத்துக்கு நேராக உற்றுப் பார்க்கலாம். பெரிய நடிகரை, நிலைய இயக்குநரை, வாசலில் நின்ற காவல்காரரை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். பார்ப்பதுதான் வேலையே. அவர் எதன் முன்னால் போய் நின்றாலும் பின்னாலிருந்து ஒரு குரல் அவருக்காக, "இது என்ன?" என்று கேட்டது. பெரிய மனிதர்கள் நின்று நிதானமாக அதற்குப் பதில் சொன்னார்கள். வியர்வை ஊற்றியது, முதுகு அரித்தது, தகரம் இடுப்பைக் கிழித்தது. ஆனாலும் அந்த உடுப்பைக் கழற்றும்போதெல்லாம் அவருக்கு அழுகை வரும். பேருந்து ஏறி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டு போவார்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன்கள் அன்றைக்கே வேலைக்கு முழுக்குப் போட வைத்திருப்பார்கள். நிலையமும் சொல்லவில்லை. உள்ளே யார் என்று தெரியாமல் இருப்பதுதான் சுவாரசியம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். தொடர் முடிந்தது. கல்யாணம் ஆனது. வீட்டுக்காரரிடம் ஒரு நாள் விஷயத்தைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா எழுந்து, அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் அந்த நடை நடந்து காட்டினார். மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, நீதான்" என்றார்.

அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் வேறு யாரும் கேட்கவில்லை.

*

எழுத்தாளர் அடிக்கடி வர ஆரம்பித்தார். வீட்டுக்காரர் அவருக்கென்று ஒரு முக்காலியை ஒதுக்கி, "சீட்டு இருக்கு, உட்காருங்க" என்பார். எழுத்தாளர் கேட்கக் கேட்க, அக்கா காலர் தைத்துக்கொண்டே சொல்லுவார். குழாயடிக் காட்சியில் இயந்திரம் ஏன் அவ்வளவு நேரம் நின்றது? கண்ணாடி முன்னால் ஏன் கையைத் தூக்கியது? ஆளைக் கண்டாலே சிடுசிடுக்கும் அக்கா இவரிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசினார். இதைக் கேட்க ஓர் ஆள் கிடைக்காதா என்று அவர் ஏங்கிக் கிடந்திருக்கிறார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

பதிப்பாளருக்கு விஷயம் எட்டியதும் தலைகால் புரியவில்லை. இயந்திரத்துக்குள் ஒரு பெண்! இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு புகைப்படக்காரரை அனுப்பினார். பின்னட்டையில் அக்காவின் படம், அதன் கீழே அவர் யார் என்று நாலு வரி. அக்கா அன்றைக்கு நல்ல உடை உடுத்தி, தையல் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லுவானேன், அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேள்விக்குறியாக இருந்தவருக்கு இனி முகம் வரப்போகிறது. அண்ணன்கள் கடைக்குப் போய்ப் புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் சாவி செய்பவரிடமும் ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

பிறகு மெய்ப்பு வந்தது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் அக்கா ஒரு தடவை படித்துவிடட்டும் என்று எழுத்தாளர் கொடுத்துவிட்டுப் போன தாள் கட்டு. மதிய நேரம், கடையில் கூட்டமில்லை. அக்கா மெஷினை ஓரங்கட்டிவிட்டுப் படிக்க உட்கார்ந்தார்.

முதல் வரி, 'அவள் வந்தாள்.'

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நம்மைத்தான் சொல்லுகிறார் என்று ஆசையோடு பக்கத்தைப் புரட்டினார். குழாயடிக்கு வந்தார். 'அவள் வெட்கத்தோடு தலை குனிந்தாள்.' அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். வெட்கமா? குழாய்க்கு முன்னாலா? குனிந்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக அல்லவா? அடுத்தது குழந்தைக் காட்சி. 'அவளுக்குள் உறங்கிக்கிடந்த தாய்மை விழித்துக்கொண்டது.' அன்றைக்கு அந்தக் குழந்தையைக் குடையைப் பார்த்த மாதிரியே வியந்து பார்த்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. குழந்தையும் இவரை அப்படித்தான் பார்த்தது. ஹோஸ் குழாயைப் பிடித்து இழுத்து, வாயில் வைத்துச் சப்பியது. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் என்னவென்று தெரியவில்லை. அதுதான் அந்தக் காட்சியின் அழகே.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது அக்காவின் காது மடல் சிவந்துவிட்டது.

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். "நான் அந்த விஞ்ஞானி மேல ஆசை வச்சிருந்தேனாம்."

"எந்த விஞ்ஞானி?"

"தொடர்ல வர்றவருதான். அவரைப் பிரிய முடியாமத்தான் பூமியைக் காப்பாத்தினேனாம். கண்ணீர் வேற விட்டேனாம். அந்த ஆளு ஒவ்வொரு தடவையும் என் காலை மிதிச்சுக்கிட்டே இருந்த ஆளுங்க!"

வீட்டுக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். "கதைன்னா நாலும்தான் இருக்கும். நல்லாத்தானேம்மா எழுதியிருக்காரு. பின்னாடி உன் படம் வருது, அதைப் பாரு."

சாயங்காலம் வரைக்கும் அக்கா தைத்த சட்டைக்கெல்லாம் கை ஏறுக்குமாறாகவே விழுந்தது. என்ன கோபம் என்று அவருக்கே பிடிபடவில்லை. எழுத்தாளர் ஒன்றும் அபாண்டமாக எழுதிவிடவில்லை. உள்ளே இருந்தது பெண்தானே? அவள் என்றால் அவள்தானே? ஆனால் அந்த ஓர் எழுத்தைப் போட்டவுடன் என்னென்னவோ பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டதே! வெட்கம், தாய்மை, பிரிவு, கண்ணீர். தலை குனிய வைத்து, காலைச் சேர்த்து உட்கார வைத்து. பிரித்துக்கொண்டிருந்த தையலை அக்கா அப்படியே பாதியில் நிறுத்தினார். அந்த இயந்திரத்துக்குள்ளும் அத்தை வந்துவிட்டார் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

*

மறுநாள் பதிப்பகத்துக்குப் போனார். வீட்டுக்காரரும் கூடவே வந்தார், படம் பறிபோய்விடுமோ என்ற கவலையில். கட்டுக் கட்டாகப் புத்தகம் அடுக்கிய அறை, நடுவில் ஒரு மேசை, பதிப்பாளர், எழுத்தாளர். அக்கா தாள் கட்டை மேசையில் வைத்தார்.

"இதுல எல்லா இடத்திலயும் அவள், அவள்னு வருது. அதுன்னு மாத்திடுங்க."

எழுத்தாளர் திடுக்கிட்டார். "அக்கா, நான் உங்களுக்காகத்தானே அப்படி எழுதினேன்! அந்தக் காலத்துல உங்களை மறைச்சு வச்சாங்க. பேரு போடலை, கேள்விக்குறி போட்டாங்க. உள்ளே ஒரு பெண் இருந்தாங்கன்னு தெரிஞ்ச பிறகும் நான் அதுன்னு எழுதினா, அவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதுன்னா உங்களை ஒரு பொருள்னு சொல்ற மாதிரி ஆகாதா?"

நியாயமான கேள்விதான். ஆசையாகத் தைத்துக் கொடுத்த சட்டையை அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பது போல் இருந்தது அக்காவுக்கு. எழுத்தாளரின் முகம் வாடிப்போனதைப் பார்க்கச் சங்கடமாகவும் இருந்தது.

"மறைச்சாங்க தம்பி. அந்த வருத்தம் எனக்கு உண்டு. இல்லைன்னு சொல்லலை. ஆனா அதுக்குள்ளே இருந்தப்போ யாரும் என்னைப் பார்க்கலை. நான் எல்லாரையும் பார்த்தேன். வெளியே வந்தா நான் ஒருத்தருக்கு மகள், ஒருத்தருக்குத் தங்கச்சி. இப்படி நில்லு, அப்படிப் பார்க்காதே. அதுக்கு அதெல்லாம் கிடையாது. அதுக்கு வெட்கப்படணும்னு யாரும் சொல்லித் தரலை. அது பாட்டுக்குப் பார்த்துச்சு, கேட்டுச்சு. நீங்க அதையும் அவளாக்கிட்டீங்க."

"அம்மா, நான் நேராச் சொல்லிடறேன்" என்று பதிப்பாளர் குறுக்கே வந்தார். கெட்டவர் அல்ல, வியாபாரி. "அட்டையில இயந்திரத்துக்குள் ஒரு பெண்ணுன்னு போட்டுட்டு, உள்ளே அதுன்னு எழுதினா வாசகர் குழம்பிடுவாரு. உள்ளே அவள்னா பின்னாடி உங்க படம். உள்ளே அதுன்னா படமும் வேண்டாம், நாலு வரியும் வேண்டாம். பழையபடி கேள்விக்குறியாவே இருந்துட்டுப் போகட்டும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வீட்டுக்காரர் அக்காவின் முழங்கையை லேசாக இடித்தார். இடித்ததன் பொருள் அக்காவுக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்து ஒரு முகம் கிடைக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்லுவார்களா? அண்ணன்கள் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கும் காட்சி ஒரு கணம் கண் முன்னால் வந்து நின்றது. அவருக்கு அது வேண்டும்தான். மிகவும் வேண்டும்.

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் எழுத்தாளர். "அதுன்னு மாத்திட்டா இந்தப் புத்தகத்துல நீங்க இல்லவே இல்லாம போயிடுவீங்க."

"நான் முழுசா இருந்தது அதுல மட்டும்தான் தம்பி" என்றார் அக்கா. "அது என்றே இருக்கட்டும்."

எழுதுகிற தமிழில் சொல்லிவிட்டார். பேச்சில் அப்படிச் சொல்லுகிற ஆள் அல்ல அவர். பிறகு எழுத்தாளர் நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, முதல் வரியிலிருந்த இரண்டு சொல்லையும் அடித்தார். மேலே, 'அது வந்தது' என்று எழுதினார்.

எழுத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தார்கள். அங்கேதான் வேடிக்கை. 'அது வெட்கத்தோடு தலை குனிந்தது' என்று எழுதிப் பார்த்தால், இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வெட்கத்தையே தூக்க வேண்டியதாயிற்று. "அப்போ ஏன் குனிஞ்சுச்சு?" என்று எழுத்தாளர் கேட்டார். அக்கா சொன்னார். தாய்மை போனது. அந்த இடத்தில் குழந்தை ஹோஸ் குழாயைச் சப்பியது. ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க, உள்ளே மடித்துத் தைத்திருந்ததெல்லாம் கழன்று விழுந்தது. கடைசி அத்தியாயத்தில் ஆசையும் கண்ணீரும் போன பிறகு ஒரு பெரிய ஓட்டை.

"அப்படின்னா பூமியை ஏன் காப்பாத்துச்சு அக்கா?" எழுத்தாளர் இப்போது நாவலுக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

"காப்பாத்தணும்னு நினைக்கவே இல்லையே. மேலே இருக்கிறவங்க அங்க என்ன இருக்குன்னு கேட்டாங்க. இதுக்குத் தெரியலை. இன்னும் பார்த்து முடியலையே. தெருமுனையில ஒரு சின்னக் கடை இருந்துச்சு, அதுக்குள்ளே இன்னும் போகலை. மழை நின்னதும் மண்ணு ஏன் மணக்குதுன்னு கேட்கலை. 'பொறுங்க, இன்னும் கேட்டு முடிக்கலை'ன்னு சொல்லிடுச்சு. அவ்வளவுதான். கேள்வி முடியாத வரைக்கும் துடைக்க முடியாதில்ல?"

எழுத்தாளர் எழுதிக்கொண்டே இருந்தார். பதிப்பாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, பக்கம் குறைகிறதே என்று முனகிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் கட்டுகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

புத்தகம் ஒல்லியாக வந்தது. முன்னட்டையில் இயந்திரம், பின்னட்டையில் வெறும் நீல வானம். எழுத்தாளர் ஒரு பிரதியைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். பின்னட்டையைப் பார்க்கச் சங்கடமோ என்னவோ, டீயை முழுதும் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அக்கா அந்தப் புத்தகத்தை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சட்டை முடித்தால் இரண்டு பக்கம் என்று படித்தார். இடையிடையே தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டார்.

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஆறவில்லை. சாவி செய்பவரிடம் என்ன பதில் சொல்லுவது? கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுந்து வந்தார். அக்காவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டினார். நன்றி சொல்லும் பக்கத்தில் தேடினார். அச்சகத்தின் விலாசத்தைக்கூட விடாமல் படித்தார்.

"இவ்வளவு தூரம் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தியே, உன்னைப் பத்தி எங்கயாவது ஒரு வரி போட்டிருக்காங்களா? எங்க, காட்டு பார்ப்போம்."

கேலி செய்யவில்லை. அக்காவைவிட அவருக்குத்தான் அதிகமாக வலித்தது.

அக்கா புத்தகத்தைத் திருப்பி வாங்கி, கைக்கு வந்த பக்கத்தைத் திறந்தார். விரலை ஒரு சொல்லின் மேல் வைத்தார்.

"இதோ."

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். 'அது' என்று இருந்தது.

"இதோ, இங்க" என்று கீழே விரலை நகர்த்தினார் அக்கா. பக்கத்தைத் திருப்பினார். "இங்க. இங்க. இங்கேயும்."

மனைவி விளையாடுகிறாரா என்று வீட்டுக்காரர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா அவரை நேருக்கு நேராக, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் மேசைக்குப் போய்த் தன் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்தார். எழுத்தாளரின் முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.